குறைக்குக் குறையே மருந்து
(பழைய கார்புரேட்டரில் கலவைக் கட்டுப்பாடு)



ஒரு பங்கு பெட்ரோல் முழுதாக எரிய, எடையில் சுமார் 15 பங்கு காற்று வேண்டும். பெட்ரோல் கூடினால் ரிச் கலவை; கரும்புகை வரும், பிளக்கில் கரி பிடிக்கும். குறைந்தால் லீன் கலவை. வண்டி இழுக்காது, சில சமயம் கார்புரேட்டர் வழியாகவே திருப்பி வெடிக்கும். சரி, வேகம் மாறும்போதெல்லாம் இந்த விகிதத்தை யார் காப்பாற்றுவது?

1886-இல் காப்புரிமை கேட்ட பென்ஸின் வண்டியில், பெட்ரோலின் மேற்பரப்பைத் தொட்டுச் சென்ற காற்று ஆவியை எடுத்துக்கொண்டது. லேசான பகுதி முதலில் ஆவியாகி, கனமான பகுதி மிஞ்சும். அப்புறம் கலவை எப்படி ஒரே மாதிரி இருக்கும்? 1893-இல் ஜெர்மனியின் வில்ஹெல்ம் மேபாக், மிதவை அறையும் ஜெட்டும் கொண்ட கார்புரேட்டரை அமைத்தார். அந்தத் தொல்லை தீர்ந்தது. புதுத் தொல்லை வந்தது.

பெட்ரோல் மட்டம் ஜெட் நுனிக்குச் சற்றுக் கீழே நிற்கும். உறிஞ்சல் குறைவாக இருக்கும்போது, அதில் ஒரு பகுதி பெட்ரோலைத் தூக்கவே செலவாகிவிடும். வேகம் ஏற ஏற, காற்றைவிடப் பெட்ரோல் அதிக விகிதத்தில் கூடும். ஆகவே ஓட்டுநரே கைலிவரால் காற்றைக் கூட்டிக் குறைத்தார். அவர் ரோட்டைப் பார்ப்பாரா, லிவரைப் பார்ப்பாரா?

1902-இல் பிரான்சின் ஆர்தர் கிரெப்ஸ், உறிஞ்சல் கூடும்போது தானே திறந்து கூடுதல் காற்றை விடும் வால்வை வைத்தார். 1906-இல் அதே நாட்டின் பிரான்சுவா பவரே வேறு வழி கண்டார். அதுவே பிறகு ஸெனித் கார்புரேட்டர் ஆயிற்று. மெயின் ஜெட்டோடு இன்னொரு ஜெட்டையும் சேர்த்தார். அது வெளிக்காற்றுக்குத் திறந்த ஒரு சிறு கிணற்றில் விழும். எனவே இன்ஜின் உறிஞ்சல் அதைப் பாதிக்காது. எப்போதும் ஒரே அளவுதான் வரும். வேகம் கூடினால் இது மட்டும் லீன் ஆகும். இதுவும் குறைதானே என்கிறீர்களா? கணக்கைப் பாருங்கள். (எண்கள் புரிவதற்காக மட்டும்.)

மெதுவாக ஓடும்போது: காற்று 150 கிராம், மெயின் ஜெட் 5, இரண்டாவது ஜெட் 5. மொத்தம் 10, விகிதம் 15:1.

வேகமாக ஓடும்போது: காற்று 300 கிராம், மெயின் ஜெட் 15, இரண்டாவது ஜெட் அதே 5. மொத்தம் 20, விகிதம் மறுபடியும் 15:1!

ஒன்று ரிச் ஆக, மற்றது லீன் ஆக, இரண்டும் சேர்ந்து சரியாகிவிட்டது. இன்றைய இன்ஜெக்ஷன் வண்டிகளில் ஆக்சிஜன் சென்சாரும் கம்ப்யூட்டரும் பார்க்கும் வேலையை அன்று இரண்டு துளைகள் பார்த்தன.

ஆகவே ஒர்க்‌ஷாப்பில் பழைய கார்புரேட்டரைப் பிரித்தால், அடைத்த ஜெட்டைக் கம்பியால் குத்தாதீர்கள். காற்றடித்துச் சுத்தம் செய்யுங்கள். துளை மயிரிழை பெரிதானாலும் இந்தக் கணக்கு கெட்டுப்போகும்!