இஞ்ச் டேப்பால் அளந்த கண்ணாடி

ஊசிக் காதில் நூல் ஏறாமல் போன அன்று எனக்கு 45 வயது. மறுநாள் முகூர்த்தத்துக்குக் கொடுக்க வேண்டிய ஜாக்கெட். கொக்கி வைத்து ஹெம்மிங் முடித்துவிட்டால் வேலை தீர்ந்தது. கறுப்புத் துணி, கறுப்பு நூல். நூல் நுனியை நாக்கில் நனைத்து முறுக்கி, ஊசியை ட்யூப்லைட்டுக்கு நேரே பிடித்தேன். கிட்டே வைத்தால் ஊசி இரண்டாகத் தெரிந்தது. கையை நீட்டித் தள்ளிப் பிடித்தால் ஊசி தெளிந்தது, ஆனால் காது அகப்படவில்லை. கடைசியில் பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள்தான் கோத்துக் கொடுத்தாள்.

என் அப்பா மதுரை புதுமண்டபத்தில் மிஷின் போட்டிருந்தவர். தூண்களுக்கு நடுவே பகலிலும் வெளிச்சம் குறைவு. அங்கே வயது கூடிய தையல்காரர்கள் எல்லோருடைய மூக்கிலும் ஒரு கண்ணாடி இறங்கி உட்கார்ந்திருக்கும். "சாளேசரம் வந்திருச்சு" என்பார்கள். வெள்ளெழுத்து என்பதும் அதுதான். கண்ணுக்குள் இருக்கும் லென்ஸ் இளவயதில் நெகிழ்வாக இருந்து, கிட்டத்தில் பார்க்கும்போது உப்பிக் கொடுக்கும். வயதாக ஆக அது இறுகிவிடுகிறது, அவ்வளவுதான். இது தெரிந்த வீட்டில் பிறந்தும், கண்ணாடி போட்டால் கண் இன்னும் கெட்டுவிடும் என்று யாரோ சொன்னதை நம்பி ஒரு வருடம் தள்ளிப்போட்டேன். போட்டாலும் போடாவிட்டாலும் அந்த லென்ஸ் இறுகத்தான் செய்யும். அந்த ஒரு வருடத்தில் கை வேலை உள்ள துணிகளையெல்லாம் திருப்பி அனுப்பினேன். அசாம் தேயிலைத் தோட்டங்களில் 40 வயது தாண்டிய தொழிலாளர்களுக்கு வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்துச் செய்த ஆய்வு ஒன்று 2018இல் வெளியானது. கண்ணாடி கிடைத்தவர்களின் இலை பறிப்பு, கிடைக்காதவர்களைவிட ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் கூடியிருந்தது. அதைப் படித்தபோது நான் திருப்பி அனுப்பிய துணிகள்தான் நினைவுக்கு வந்தன.

பிறகு ஒருநாள் பஸ் ஸ்டாண்டு ஓரத்துக் கடை ஒன்றில் 100 ரூபாய்க்கு ஒரு கண்ணாடி வாங்கினேன். கடைக்காரத் தம்பி பேப்பரை நீட்டி, "படிச்சுப் பாருங்கக்கா" என்று ஒவ்வொன்றாக மாட்டிவிட்டார். எதில் எழுத்து பெரிதாகத் தெரிந்ததோ அதை எடுத்துக்கொண்டேன். ப்ளஸ் 2.50. வீட்டுக்கு வந்து மிஷினில் உட்கார்ந்தால் ஊசி நிற்கும் இடம் மங்கல். குனிந்து குனிந்து தைத்து மூன்று வாரத்தில் கழுத்து வலி, பின்மண்டையில் தலைவலி.

விலை மலிவு என்பதால் வந்த வினையல்ல அது. பவர் என் வேலைக்குப் பொருந்தவில்லை. இதற்கு ஓர் எளிய கணக்கு உண்டு. 100ஐப் பவரால் வகுத்தால் எத்தனை வருகிறதோ, அத்தனை சென்டிமீட்டர் வரைதான் அந்தக் கண்ணாடியில் தெளிவாகத் தெரியும். தூரப் பார்வைக்குக் கண்ணாடி தேவைப்படாதவர்களுக்கு இது அப்படியே பொருந்தும். 2.50 என்றால் 40 சென்டிமீட்டர், அதாவது 16 அங்குலம். கழுத்தில் எப்போதும் தொங்கும் இஞ்ச் டேப்பை எடுத்து அளந்தேன். என் கண்ணிலிருந்து மிஷின் ஊசி 20 அங்குலம். கையில் பிடித்துத் தைக்கும்போது 14 அங்குலம். 20 அங்குலத்தில் இருப்பதை 16 அங்குலத்துக் கண்ணாடி எப்படிக் காட்டும்?

கண்ணாடி வாங்கப் போகிற எல்லோரிடமும் இதைத்தான் முதலில் சொல்கிறேன். செய்கிற வேலை கண்ணிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்று டேப்பாலோ ஸ்கேலாலோ அளந்துகொண்டு போங்கள். அந்த வேலையையே கையோடு கொண்டுபோங்கள். நான் ஊசியும் கறுப்பு நூலும் எடுத்துப் போனேன். பவரைக் குறைந்ததிலிருந்து ஒவ்வொரு படியாக ஏற்றிப் பாருங்கள். சிரமமில்லாமல் தெரிகிற முதல் பவரோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

அதற்கும் முன்னால் ஒரு தடவை முறையாகக் கண் பரிசோதனை செய்துகொள்வதை விட்டுவிடாதீர்கள். டாக்டர் ஜி. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை எங்கள் ஊரில் இருக்கிறது. சிற்றூர்களில் அவர்களின் பார்வை மையங்களும் உண்டு. அரசு மருத்துவமனைக் கண் பிரிவுக்கும் போகலாம். 40 வயதுக்கு மேல் கண் அழுத்தத்தையும் பார்த்துவிடுவார்கள். கிளாகோமா வலியில்லாமல் பார்வையைத் தின்னும், அதைத் தெருக்கடைக் கண்ணாடி காட்டித் தராது. சர்க்கரை ஏறியிருக்கும்போது பவரும் மாறிக் காட்டும். அது கட்டுக்குள் வந்த பிறகு பார்ப்பதுதான் சரி.

சீட்டைக் கையில் வாங்கியதும் 'ஆட்' என்று எழுதியிருக்கும் எண்ணைப் பாருங்கள். அதைத் தூரப் பார்வை எண்ணோடு கூட்டினால் வருவதுதான் படிக்கும் பவர். தூரத்துக்கு மைனஸ் 1.00, ஆட் 2.00 என்றால் படிக்க ப்ளஸ் 1.00 போதும். இது தெரியாமல் ஆட் எண்ணை மட்டும் சொல்லிக் கடையில் 2.00 வாங்கிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

ரெடிமேட் கண்ணாடியில் இரண்டு பக்கமும் ஒரே பவர்தான். உங்கள் இரு கண்ணுக்கும் நடுவே அரைப் பவருக்கு மேல் வித்தியாசம் இருந்தாலோ, சீட்டில் சிலிண்டர் எண் முக்காலைத் தாண்டியிருந்தாலோ அது ஒத்துவராது. ஆப்டிகல்ஸில் லென்ஸ் போட்டு வாங்குங்கள். அதிலும் செலவைக் குறைக்கலாம். உறுதியான பழைய ஃபிரேம் இருந்தால் லென்ஸ் மட்டும் மாற்றித் தருவார்கள். நீல ஒளியைத் தடுக்கும் கோட்டிங் வேண்டுமா என்று கேட்பார்கள், எனக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அந்தக் காசில் மிஷினுக்கு மேலே ஒரு எல்.இ.டி. விளக்கு போட்டேன். நல்ல வெளிச்சம் விழுந்தால் குறைந்த பவரிலேயே வேலை ஓடும்.

ஸ்டிக்கரில் போட்டிருக்கும் பவர் உண்மைதானா என்று வீட்டிலேயே பார்க்கலாம். பகலில் அறை விளக்கை அணைத்துவிட்டு, ஜன்னலுக்கு எதிர்ச் சுவரருகே கண்ணாடியைப் பிடித்து முன்னும் பின்னும் நகர்த்துங்கள். வெளியே தூரத்தில் நிற்கும் தென்னையும் மொட்டைமாடியும் சுவரில் தலைகீழாக விழும். அந்தப் படம் துல்லியமாகும் இடத்தில் லென்ஸுக்கும் சுவருக்கும் உள்ள தூரத்தை அளந்தால், மேலே சொன்ன அதே கணக்குதான். 2.00 என்றால் 50 சென்டிமீட்டர் வர வேண்டும். வலது இடது இரண்டையும் பாருங்கள்.

எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா, "எனக்கு இப்ப கண்ணாடியில்லாமலே பேப்பர் படிக்க வருது" என்று சந்தோஷமாகச் சொன்னார். நான்தான் வற்புறுத்தி மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். கண்புரை முற்றும்போது சிலருக்குக் கிட்டப் பார்வை இப்படித் திரும்பி வருமாம். தூரப் பார்வை அவருக்கு ஏற்கெனவே மங்கிவிட்டிருந்தது, பழகிப் போனதால் உறைக்கவில்லை.

அந்த 2.50 ஒத்துவராமல் போய், நானும் முறையாகக் கண்ணைப் பரிசோதித்துக்கொண்ட பிறகு எனக்கு இரண்டு கண்ணாடி அமைந்தது. மிஷினுக்கு 1.25, கை ஊசிக்கு 1.75. இரண்டும் சேர்ந்து 300 ரூபாய்க்குள் முடிந்தது. இப்போது வயது 51. போன மாதம் மறுபடி டேப்பும் ஊசியுமாகப் போய் 2.25 ஒன்று வாங்கினேன். கை ஊசிக்கு வைத்திருந்த பழைய 1.75 இப்போது மிஷின் தூரத்துக்குச் சரியாக இருக்கிறது. 1.25ஐத் துடைத்து உறையில் போட்டு வைத்திருக்கிறேன். தங்கைக்கு இந்த ஆடியில் 44 முடிகிறது.