காது கேட்கும்போதே கண் பதில் சொல்கிறது!

காலை நேரப் பரபரப்பு. அடுப்பில் குக்கர் மூன்றாவது விசில். உங்கள் ஐந்து வயதுப் பையனிடம் சொல்கிறீர்கள்: “கண்ணா, தட்டு மேல இருக்கற டம்ளரை எடுத்து ஷெல்ஃப்ல வை!”

அவன் என்ன செய்கிறான்? தட்டைத் தூக்குகிறான். டம்ளர் உருண்டு தரையெல்லாம் தண்ணீர். “சொன்னதைக் காதுல வாங்கறதே இல்லே!” என்று ஒரு திட்டு. முதுகில் ஒன்று போனஸ்.

ஒரு நிமிஷம்... அவன் காதில் வாங்கினான். ரொம்ப வேகமாகவே வாங்கியிருக்கலாம். சிக்கலே அங்கேதான்!

ஒருவர் பேசுவதை நாம் எப்படிப் புரிந்துகொள்கிறோம்? முழு வாக்கியத்தையும் கேட்டு முடித்த பிறகா, கேட்கக் கேட்கவா? மூளைக்குள் எட்டிப் பார்க்க முடியாதே என்று தவித்த ஆராய்ச்சியாளர்களுக்கு ஒரு ஜன்னல் கிடைத்தது. அதுதான் கண்.

கண் ஏன் காட்டிக்கொடுக்கிறது?

கையை நீட்டி உங்கள் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள். ஏறக்குறைய அந்த அகலத்துக்குள் இருப்பது மட்டும்தான் கண்ணுக்கு மிகத் துல்லியமாகத் தெரியும். சுற்றியிருப்பதெல்லாம் கொஞ்சம் மங்கல்தான். அதனால் நம் கண், வினாடிக்குச் சுமார் மூன்று முறை இடம் விட்டு இடம் தாவிக்கொண்டே இருக்கிறது. பெரும்பாலும் நாம் யோசித்துச் செய்வதில்லை. மனம் போகும் இடத்துக்குக் கண்ணும் போகிறது.

1974-ல் ரோஜர் கூப்பர் என்ற ஆராய்ச்சியாளர் சிலரைப் படங்களின் முன் உட்கார வைத்துக் கதை கேட்கச் செய்தார். கதையில் ஒரு சொல் வந்ததும், அதோடு சம்பந்தப்பட்ட படத்துக்குக் கண்கள் தானாகவே தாவின!

ஆப்பிள் சொன்ன ரகசியம்

1995-ல் அமெரிக்காவில் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் மைக்கேல் டானென்ஹாஸ் குழுவினர் இதை இன்னும் நுணுக்கமாகச் செய்தார்கள். கேட்பவர் தலையில் கண்ணசைவைப் பதிவு செய்யும் கருவியை மாட்டி, மேஜையில் நிஜப் பொருள்களைப் பரப்பி, “இதை எடு, அதை வை” என்று சொன்னார்கள்.

“கேண்டியை எடு” என்று ஆங்கிலத்தில் சொன்னதும், அந்தச் சொல் முடிந்து சராசரியாக 145 மில்லி வினாடியில் கண் மிட்டாய்க்குத் தாவியது. கண் தாவத் தயாராகவே சுமார் 200 மில்லி வினாடி வேண்டும். அப்படியானால் சொல் முடிவதற்கு முன்பே மனம் முடிவு செய்துவிட்டது! பக்கத்தில் ஒரு கேண்டில், அதாவது மெழுகுவர்த்தியும் இருந்தால்? கண் சற்றுத் தயங்கி, 230 மில்லி வினாடியில் தாவியது. நம்ம வீட்டில் ‘கத்தி...’ என்று ஆரம்பித்தால் அது கத்தியா, கத்திரிக்காயா என்று குழம்புவோமே, அந்த மாதிரி.

அடுத்தது ஒரு முழு வாக்கியம். “புட் தி ஆப்பிள் ஆன் தி டவல் இன் தி பாக்ஸ்.” டவல் மேல் இருக்கும் ஆப்பிளைப் பெட்டிக்குள் வை என்று அர்த்தம். ஆனால் ஆங்கிலத்தில் பாதி வரை கேட்டால், ‘ஆப்பிளை டவல் மேல் வை’ என்றுதான் தோன்றும். மேஜையில் ஒரே ஓர் ஆப்பிள் இருந்தபோது, பெரியவர்களின் கண்களே பல முறை பக்கத்திலிருந்த காலி டவலுக்கு ஓடின. ‘பாக்ஸ்’ என்று கேட்டதும் சட்டென்று திருத்திக்கொண்டன. ஆனால் இரண்டு ஆப்பிள்கள் இருந்தபோது, காலி டவலை அதிகம் பார்க்கவில்லை. எந்த ஆப்பிள் என்று சொல்லத்தான் ‘டவல்’ வருகிறது என்று மனம் உடனே பிடித்துக்கொண்டது.

குழந்தைக்கு மட்டும் ஏன் கஷ்டம்?

1999-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் ஜான் ட்ரூஸ்வெல் குழுவினர் இதையே ஐந்து வயதுக் குழந்தைகளிடம் செய்து பார்த்தார்கள். ஆப்பிளுக்குப் பதில் பொம்மைத் தவளை, டவலுக்குப் பதில் சின்னத் துணி.

குழந்தைகளும் பெரியவர்களைப் போலவே பாதியிலேயே ஊகித்தார்கள். ஆனால் அந்த ஊகத்தை அவர்களால் கைவிட முடியவில்லை! பாதிக்கும் மேற்பட்ட முறை தவறாகச் செய்தார்கள். சிலர் தவளையைக் காலித் துணி மேல் வைத்துவிட்டு, அப்புறம் பெட்டிக்குள் போட்டார்கள். இரண்டு தவளைகள் இருந்தும் அந்தத் துப்பு அவர்களுக்கு உதவவில்லை.

ஆனால் “துணி மேல் இருக்கிற தவளை” என்று சந்தேகமில்லாமல் சொன்னபோது? தவறுகள் வெகுவாகக் குறைந்துவிட்டன. அதே குழந்தை, அதே காது. மாறியது சொன்ன விதம்தான்.

“அது இங்கிலீஷ்... தமிழில் வினைச்சொல் கடைசியில்தானே வருது?” என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. ஜப்பானிய மொழியிலும் அப்படித்தான். நம்முடைய ‘ஐ’, ‘கு’ போன்ற வேற்றுமை உருபுகள் அங்கும் உண்டு. 2003-ல் யுகி காமிடே குழுவினர் வெளியிட்ட ஆய்வில், ‘பரிமாறுபவர், வாடிக்கையாளருக்கு’ என்று கேட்ட ஜப்பானியர்களின் கண்கள், சாப்பாட்டின் பெயரும் வினைச்சொல்லும் வருவதற்கு முன்பே சாப்பாட்டைத் தேடின. எந்த மொழியானாலும் மனம் முற்றுப்புள்ளிக்காகக் காத்திருப்பதில்லை.

இப்போது உங்கள் சமையலறைக்கு வாருங்கள். பையன் காதில் முதலில் விழுந்தது ‘தட்டு’. கண் அங்கே போனது, கையும் பின்னாலேயே போயிருக்கலாம் இல்லையா?

வீட்டில் என்ன செய்யலாம்?

• எடுக்க வேண்டிய பொருளை முதலில் சொல்லுங்கள். “டம்ளரை எடு.” எடுத்த பிறகு, “ஷெல்ஃப்ல வை.”

• சொல்லும்போது குழந்தையின் கண்ணைக் கவனியுங்கள். வேறு பொருளுக்குப் போனால், கை போவதற்குள் திருத்திவிடலாம்.

• தவறு செய்தால், சத்தத்தைக் கூட்டி அதே வாக்கியத்தைத் திருப்பிச் சொல்லாதீர்கள். வேறு மாதிரி சொல்லிப் பாருங்கள்.

• எப்படிச் சொன்னாலும் அடிக்கடி புரியாமல் விழித்தால், கூப்பிட்டால் திரும்பாமல் இருந்தால், திட்டுவதை விட்டுவிட்டு டாக்டரிடம் காதைப் பரிசோதியுங்கள்.

நாளைக் காலை டம்ளர் உருண்டால், முதுகில் ஒன்று வைப்பதற்கு முன் நாம் சொன்ன வாக்கியத்தை ஒரு தடவை மனசுக்குள் ஓட்டிப் பார்ப்போமே!