வேலென் ஊர்ச் சூரியக் கடிகாரம்

பெயரை இடுகுறி என்றும் காரணம் என்றும் வகுக்கும் நம் இலக்கண முறையை மாணவர் நன்கறிவர். அம்முறையைப் பிறநாட்டு நிலப்பெயர் ஒன்றிற் பொருத்திக் காண்பதே ஈண்டு நம் நோக்கம். நாம் எடுத்துக்கொண்டது, ஜேர்மனியில் மோசெல் ஆற்றங்கரையிலுள்ள ‘வேலெனர் சொன்னன்ஊர்’ என்னும் முந்திரிகைத் தோட்டம். அதன் பழத்தினின்று வடிக்கும் வைன் உலகப் புகழ் பெற்றது. நமக்கு வேண்டுவன நிலமும் பெயருமே. சுவையை அறிந்தார் கூறுக.

வேலன் எனத் தொடங்கி ஊர் என முடிதலால் இது நம்மவர் இட்ட பெயரோ என மயங்கற்க. ஒலியொற்றுமை ஒன்றையே துணையாகக் கொண்டு வேர்ச்சொல் காண்பார்க்கு இஃதொரு நல்ல எச்சரிக்கை. வேலென் என்பது அங்குள்ள சிற்றூர், ‘சொன்ன’ சூரியன், ‘ஊர்’ கடிகாரம். அடைமொழி முன்னும் பெயர் பின்னுமாக நிற்றலின், சொல்வரிசை பிறழாமலே அதனைச் ‘சூரியக் கடிகாரம்’ எனத் தமிழாக்கலாம்.

பெயர்க்குக் காரணம் கண்கூடு. 1842ஆம் ஆண்டில் யொடோக்குஸ் பிறியூம் என்பார், தோட்டத்தில் உழைப்போர் பொழுதறியும் பொருட்டு, சரிவின் நடுவே பாறையில் ஒரு சூரியக் கடிகாரம் அமைத்தார். அது இன்றும் உளது. ஜேர்மனியின் பொதுநேரம் கிழக்கு நெடுங்கோடு 15 பாகையைக் கொண்டு கணிக்கப்படுவது. வேலென் ஏறக்குறைய 7 பாகையில் உள்ளது. ஆகவே அக்கடிகாரம் அப்பொதுநேரத்துக்குச் சுமார் அரைமணி பிந்தியே காட்டும். பிழை சூரியனுடையதன்று!

ஊர் ஆற்றின் இடக்கரையில். தோட்டமோ எதிரே வலக்கரையில், தென்மேற்கு நோக்கிய செங்குத்துச் சரிவில். நூறடி முன்செல்வதற்குள் எழுபதடி ஏறவேண்டிய இடங்களும் உள. வட அகலக்கோடு 50 பாகையளவில் சூரியன் தாழ்ந்தே செல்லும். சமநிலத்திற் சாய்ந்து விழும் கதிர், இச்சரிவில் நேர்பட விழுகின்றது. ஆற்றுநீரும் ஒளியைத் திருப்பி அனுப்புகின்றது.

மண் என்று சொல்லத்தக்கது அங்கே சிறிதே. காண்பதெல்லாம் நீலச்சாம்பல் நிறச் சிலேற்றுக்கல். முன்னாளிற் பள்ளிச் சிறார் எழுதிய பலகைக்குரிய கல்லினமே அது. ஏறக்குறைய 40 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியிற் படிந்த சேறு, அமுக்கமுற்று இறுகி இதழிதழாய்ப் பிளக்கும் கல்லாயிற்று. பகலில் ஏற்ற வெப்பத்தை அக்கல் இரவிற் கொடிக்கு ஈயும், மழைநீரைத் தேங்கவிடாது, வேர் பிளவுகளினூடே ஆழச் செல்லும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியக் கொடிகளை அழித்த வேர்ப்பேன் இத்தகைய நிலத்திற் செழிப்பதில்லை. ஆதலின் ஒட்டுக் கட்டாத பழங்கொடிகளும் இப்பகுதியில் எஞ்சியுள்ளன. இக்கொடிகளுக்குப் பந்தலில்லை, கொடிக்கொரு கம்பு நட்டு வளர்ப்பதே பழைய வழக்கம். சரிந்து வீழும் கற்களை மீண்டும் மேலே சுமந்து சேர்ப்பதும் உழவர் தொழிலாயிருந்தது.

ஆற்றின் வழியே சிறிது கீழே ஊர்ட்சிக் என்னுமிடத்தில் மண் செந்நிறம். அங்குள்ள தோட்டத்தின் பெயர் ‘வாசனைச்சரக்குத் தோட்டம்’ எனப் பொருள்படும். அதுவும் காரணப்பெயரே.

1971ஆம் ஆண்டு வைன் சட்டம் இந்நிலையை மாற்றிற்று. தனித் தோட்டம் பொதுவாக ஐந்து ஹெக்டேயருக்குக் குறையலாகாது என்று அது விதித்தது. பல்லாயிரமாயிருந்த தோட்டப் பெயர்கள் ஏறக்குறைய 2,600 ஆகச் சுருங்கின. சிறு நிலங்கள் தம் பழம்பெயர் இழந்து, புகழ்பெற்ற அயல்நிலத்தின் பெயரை ஏற்றன. சொன்னன்ஊரின் எல்லையும் அவ்வாறே விரிந்தது. விற்பனைக்கு அது நன்றாயிருக்கலாம். ஆயின் அவ்வாறு பின்னர்ச் சேர்ந்த நிலங்களைப் பொறுத்தவரை அப்பெயர் வெறும் இடுகுறியே என்பது நம் கருத்து.