படகும் துவிசக்கர வண்டியும்

நீர்க்கரைகளைக் காண விழைவோர்க்குப் படகும் துவிசக்கர வண்டியும் ஏற்ற துணைகளாம். முன்னது நீரைக் கடத்தும். பின்னது வேண்டியவிடத்தே நிற்கும். இவ்வுண்மைக்கு அமெரிக்க நாட்டுச் சான் பிரான்சிஸ்கோ விரிகுடாவிலுள்ள ஏஞ்சல் தீவு தக்க சான்று. டிபுரான் துறையிற் படகேறுவோர் வண்டியையும் உடன்கொண்டு செல்லலாம். தீவைச் சூழ்ந்த பாதை ஏறத்தாழ 5 மைல். கோல்டன் கேட் பாலமும் நகரத்து மாடங்களும் ஆங்காங்கே தோன்றிக் கண்ணுக்கு விருந்தளிக்கும்.

ஆயினும், வடகீழ்க் கரையில் நாம் வண்டியைவிட்டு இறங்குதல் வேண்டும். 1910 முதல் 1940 வரை, குடியேற வந்தோரைத் தடுத்து வைத்து விசாரித்த நிலையம் ஆண்டுளது. சீனத் தொழிலாளர் வருகையை விலக்கிய 1882ஆம் ஆண்டுச் சட்டத்தின் பயனாய்ச் சீனர் பலர் வாரக்கணக்காகவும் மாதக்கணக்காகவும் அங்கே காத்துக் கிடந்தனர். இந்தியரும் தடுக்கப்பட்டனர். அவர்களும் படகில் வந்தவரே; எனினும் தம் விருப்பப்படி இக்கரையில் உலவப் பெற்றிலர். சீனர் தம் துயரை மரச்சுவர்களிற் கவிகளாகச் செதுக்கினர். 1970இல், இடிக்கப்படவிருந்த அக்கட்டடத்தில் பூங்காக் காவலர் ஒருவர் அவற்றைக் கண்டு உணர்த்தியமையால் சுவர்கள் பிழைத்தன.

ஏட்டிலும் கல்லிலும் கவி பயிலும் நாம் அச்சுவர்களையும் நூலாகக் கொள்வோமாக. அவற்றின்முன் சற்றே நிற்போர்க்கு, அந்நியரை ஏற்றுக்கொள்ளுதல் எத்துணைப் பெரிய அறம் என்பது இனிது விளங்கும்.