தமிழ் பேசத் தெரிந்தால் போதுமா?

கேள்வி: சூலியா தெருவில் அத்தாவின் மணி சேஞ்சர் கடையில் கணக்குப் பார்க்கிறேன். தமிழ்ப்பள்ளியில் படித்து, எஸ்டிபிஎம் முடித்தவள். நீதிமன்றத்தில் தமிழ் மொழிபெயர்ப்பாளராக வேண்டும் என்று ஆசை. பயிற்சிக்கு எங்கே விண்ணப்பிப்பது? சட்டம் படிக்காதது தடையாகுமா?
– வாசகி, ஜார்ஜ்டவுன்

பதில்: சட்டம் படிக்காதது தடையில்லை. தடை வந்தால் அது மலாய்மொழியால்தான் வரும்.

நம் மலேசியாவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளர் அரசு ஊழியர். அதனால் முதலில் பயிற்சி, பிறகு வேலை என்று தேடாதீர்கள். பொதுச் சேவை ஆணையத்தின் இணையவாசலில் பதிந்து வைத்து, மொழிபெயர்ப்பாளர் பணிக்கு விளம்பரம் வரும்போது விண்ணப்பிக்க வேண்டும். எந்த மொழிக்கு ஆள் எடுக்கிறார்கள் என்பதைக் கவனமாகப் படியுங்கள். எஸ்பிஎம் சான்றிதழில் மலாய்ப் பாடத்தின் தேர்ச்சியை முதலில் பார்ப்பார்கள். பணியில் சேர்ந்தவர்களுக்குப் பாங்கி நகரிலுள்ள நீதித்துறை, சட்டப் பயிற்சிக் கழகமான இல்காப்பில் வகுப்புகள் நடக்கும். பட்டப்படிப்பே வேண்டுமென்றால் மின்டனில் நம் அறிவியல் பல்கலைக்கழகத்தில் மொழிபெயர்ப்புப் பாடம் இருக்கிறது. ஆனால் அங்கே மலாயும் ஆங்கிலமுமே முதன்மை.

மலாயை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், 1963/67 தேசிய மொழிச் சட்டப்படி நீதிமன்ற நடவடிக்கைகள் மலாயில்தான் நடக்கும். நீதியின் நலன் கருதி ஆங்கிலத்தையும் அனுமதிக்கலாம். தமிழ் அங்கே நுழைவது சாட்சியின் வாய் வழியாகவும், குற்றம் சாட்டப்பட்டவரின் வாய் வழியாகவும் மட்டுமே. குற்றம் சாட்டப்பட்டவருக்குப் புரியாத மொழியில் சாட்சியம் வந்தால், புரியும் மொழியில் அதைத் திறந்த மன்றத்திலேயே பெயர்த்துச் சொல்ல வேண்டும் என்கிறது குற்றவியல் நடைமுறைச் சட்டம். ஆக, உங்கள் வேலை அவருடைய உரிமையைச் சேர்ந்தது. யாருக்கோ செய்யும் உதவி என்று அதை எண்ணிவிடாதீர்கள்.

வழக்கைக் கூப்பிடுவது, சாட்சிக்குச் சத்தியம் செய்து வைப்பது, சான்றுப்பொருளுக்கு எண் இடுவது எல்லாம் உங்கள் தலையில்தான் விழும். இவை பழகிவிடும். பழகக்கூடாத ஒன்று, குற்றச்சாட்டை வாசிக்கும் நேரம். தமிழ்நாட்டிலிருந்து உணவக வேலைக்கு வந்த ஒரு பையன் கூண்டில் நிற்கிறான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் பணம் திருடியதாக வழக்கு. வாசித்து முடித்ததும் அவன் சொல்கிறான்: "தப்புதாங்க சார், ஆனா பணத்த நான் எடுக்கல." முதல் பாதியை மட்டும் மலாயில் சொன்னால் அது குற்ற ஒப்புதல். முழுதாகச் சொன்னால் நீதிபதி அதை ஒப்புதலாக ஏற்க முடியாது. வழக்கு விசாரணைக்குப் போகும். ஒப்புதலின் தன்மையும் விளைவும் அவனுக்குப் புரிந்திருக்கிறதா என்று நீதிமன்றம் உறுதி செய்தாக வேண்டும். அந்தப் புரிதல் உங்கள் வாயைத் தாண்டித்தான் போகிறது. பரிதாபப்பட்டு அவன் பேச்சைச் சீர்படுத்தவும் கூடாது, நேரமாகிறதென்று சுருக்கவும் கூடாது. புரியவில்லையென்றால், நீதிபதியிடம் அனுமதி கேட்டு அவனிடம் மறுபடி கேளுங்கள்.

விண்ணப்பித்துவிட்டுச் சும்மா இருக்க வேண்டாம். மின்னல் எஃப்எம் செய்தியை அரை நிமிடம் கேட்டு நிறுத்தி, மலாயில் திருப்பிச் சொல்லிப் பதிவு செய்யுங்கள். பெயர், தேதி, தொகை எங்கே நழுவுகிறது என்று பாருங்கள். பெரும்பாலும் தொகைதான் நழுவும். சாட்சி "நான் பார்த்தேன்" என்றால் நீங்களும் "நான் பார்த்தேன்" என்றே சொல்லிப் பழக வேண்டும். "பார்த்தாராம்" என்பது ஆகாது. யாழ்ப்பாணத்தார் பேச்சு, தோட்டத்துப் பேச்சு, கடையநல்லூர்ப் பேச்சு என எல்லாமே காதுக்குப் பழக வேண்டும். லைட் தெரு நீதிமன்றம் உங்கள் கடையிலிருந்து நடக்கிற தூரம்தான். திறந்த மன்ற விசாரணைகளை யாரும் உட்கார்ந்து கேட்கலாம். வாரம் ஒரு காலைப்பொழுது போய் வாருங்கள். நேர்முகத் தேர்வில் இந்த வேலையைப் பற்றிக் கேட்டால், கண்ணால் பார்த்ததைச் சொல்வீர்கள்.

பிறகு, உங்கள் தெருவைப் பற்றி ஒன்று. நாகூர் தர்கா பக்கம் ஒருவருக்கொருவர் தெரியாதவர் குறைவு. பணியில் சேர்ந்தபின் வழக்குப் பட்டியலில் சொந்தக்காரர் பெயரோ, அத்தா கடையில் கொடுக்கல் வாங்கல் உள்ளவர் பெயரோ இருந்தால், வழக்கைக் கூப்பிடும் முன்பே நீதிமன்றத்தில் தெரிவித்து, வேறு மொழிபெயர்ப்பாளரைப் போடச் சொல்லுங்கள்.