புல்லட்டில் ஆயில் கசிகிறதா? பேக்கிங்கை மாற்றும் முன் ஒரு நிமிடம்!

(இரண்டாமாண்டு இயந்திரவியல் மாணவர்)



"புல்லட்டுன்னா ஆயில் ஒழுகத்தான் செய்யும்" என்ற பேச்சைக் கேட்காத மோட்டார் சைக்கிள் பட்டறை நம் ஊர்ப் பக்கம் இருக்க முடியாது. கேட்டுச் சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் நாளைக்கு டிப்ளமோ வாங்கிக்கொண்டு வெளியே போகப்போகிற நாமும் அதையே சொல்லலாமா? சொல்லக் கூடாது என்பதே என் கருத்து. கசிவுக்கு ஒரு காரணம் இருக்கிறது. காரணத்தைப் பிடித்தால் கசிவு நிற்கும். பேக்கிங்கை மட்டும் மாற்றினால் காசு போகும், கசிவு நிற்காது. இந்தக் கட்டுரையில் நான் சொல்லப்போவது இவ்வளவுதான்.

என்னைப் பற்றி ஒரு வார்த்தை. எங்கள் குடும்பத்தில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பா மண்டியில் மூட்டை தூக்குகிறார். சித்தப்பா நாலாம் வகுப்போடு நின்று, பட்டறையில் கையாளாகச் சேர்ந்து, இன்று சொந்தமாகச் சின்னப் பட்டறை வைத்திருக்கிறார். லீவு நாட்களில் நான் அங்கேதான். ஆகவே இதில் பாதி வகுப்பறைப் பாடம், பாதி பட்டறைப் பாடம்.

வண்டியின் வரலாறு

இங்கிலாந்தில் ரெட்டிச் என்ற ஊரில் இருந்த ராயல் என்பீல்டு நிறுவனமும் நம் சென்னையின் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் சேர்ந்து 1955-ல் என்பீல்டு இந்தியாவைத் தொடங்கின. தொழிற்சாலை திருவொற்றியூரில் அமைந்தது. முதலில் அங்கிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு பாகங்களையும் இங்கேயே செய்தார்கள். 1970-களின் தொடக்கத்துக்குள் தாய் வீடான இங்கிலாந்து நிறுவனம் மூடப்பட்டுவிட்டது. நம் ஊர் புல்லட்டோ ஓடிக்கொண்டே இருந்தது. இப்போது வருகிற புல்லட்டில் இருப்பது வேறு எஞ்சின். நான் எழுதுவது வார்ப்பிரும்பு பேரல் வைத்த பழைய 350 பற்றி.

அந்த எஞ்சினின் போர் 70 மி.மீ., ஸ்ட்ரோக் 90 மி.மீ. கணக்குப் போட்டால் 346 சி.சி. வரும். ஒரே சிலிண்டர். பேரல் வார்ப்பிரும்பு, ஹெட்டும் கிராங்க்கேஸும் அலுமினியக் கலவை. எஞ்சின் ஆயிலுக்குத் தனி டேங்க் வெளியே தொங்காது. கிராங்க்கேஸின் பின்பக்கமே ஒரு அறையாக வார்த்திருப்பார்கள். ஒரு பம்ப் ஆயிலைக் கிராங்குக்கு அனுப்பும், இன்னொன்று திருப்பிக் கொண்டுவரும். கியர் பாக்ஸுக்குத் தனி ஆயில், பிரைமரி செயினுக்குத் தனி ஆயில். ஆகவே கீழே சொட்டுவது எந்த ஆயில் என்பதே முதல் கேள்வி.

ஏன் கசிகிறது?

காரணங்களை மூன்றாகப் பிரிக்கலாம்.

1. உள்ளே அழுத்தம். பிஸ்டன் கீழே இறங்கும்போது மேலே என்ன நடக்கிறது என்றுதான் நாம் படிக்கிறோம். கீழே என்ன நடக்கிறது? கிராங்க்கேஸில் உள்ள காற்றை 346 சி.சி. அளவுக்கு அது அமுக்குகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 3000 சுற்று சுற்றினால் ஒரு விநாடிக்கு 50 தடவை இப்படி அமுக்குகிறது. அந்தக் காற்று வெளியேறத்தான் பிரீதர் என்ற வழி. அதில் வாத்து மூக்கு மாதிரி ஒரு சின்ன ரப்பர் வால்வு இருக்கும். காற்றை வெளியே விடும், உள்ளே விடாது. ரப்பர் விறைத்துப்போனாலோ, குழாய் மடிந்து அடைத்துக்கொண்டாலோ காற்று எங்கே போகும்? எந்த ஜாயின்ட் இளைத்திருக்கிறதோ அந்த வழியாக ஆயிலையும் இழுத்துக்கொண்டு போகும். பிஸ்டன் ரிங் தேய்ந்திருந்தால் மேலிருந்து புகையும் இறங்கி அழுத்தம் இன்னும் கூடும்.

2. முகம் சமமாக இல்லாதது. இரண்டு உலோக முகங்கள் ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். ஸ்க்ரூடிரைவரை நடுவில் விட்டு நெம்பிப் பிரித்த கவரில் கீறல் விழுந்திருக்கும். ஒரே பக்கம் அழுத்தி முடுக்கிய கவர் வளைந்திருக்கும். நடுவில் வைக்கும் காகிதம் ஓரளவுதான் ஈடு கொடுக்கும்.

3. வயதும் வெப்பமும். 100 மி.மீ. நீள அலுமினியம் 100 டிகிரி சூடேறினால் ஏறக்குறைய 0.23 மி.மீ. நீளும். அதே நீள எஃகு ஸ்டட் 0.12 மி.மீ.தான் நீளும். சூட்டில் பேக்கிங் நசுங்குகிறது, ஆறியதும் பிடி தளர்கிறது. வருஷக்கணக்கில் இப்படி நசுங்கிய பேக்கிங்குக்கு உயிர் இருக்காது. ஆயில் சீலின் ரப்பரும் அப்படியே விறைத்துப்போகும்.

மூன்றாவது காரணத்துக்குத்தான் பேக்கிங் மாற்றுவது மருந்து. முதல் இரண்டுக்கும் அது மருந்தே இல்லை. நோய் எது, அது எதனால் வந்தது என்று தெரிந்துகொண்டு வைத்தியம் பார்க்கச் சொல்கிறார் வள்ளுவர். மனிதனுக்குச் சொன்னது எஞ்சினுக்கும் பொருந்தும்.

எங்கே கசிகிறது?

ஆயில் கசிந்த இடத்தில் நிற்காது. கீழே இறங்கும், வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும். ஆகவே சொட்டுகிற இடத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது. சித்தப்பா செய்கிற முறை இது:

எஞ்சின் நன்றாக ஆறிய பிறகு மண்ணெண்ணெயும் பிரஷ்ஷும் வைத்துக் கழுவ வேண்டும். சூடான சைலன்சர் பக்கம் மண்ணெண்ணெய் கொண்டுபோகவே கூடாது. பனியன் வேஸ்ட்டால் ஈரமில்லாமல் துடைக்க வேண்டும். பிறகு முகத்துக்குப் போடுகிற பவுடரை எஞ்சின் முழுக்கத் தூவ வேண்டும். நாலைந்து கிலோமீட்டர் ஓட்டிவிட்டு வந்து பார்த்தால் வெள்ளைப் பவுடரில் கசிவு கோடு போட்டுக் காட்டும். கோட்டின் மேல் முனை எதுவோ அதுதான் இடம்.

கறுத்திருந்தால் பெரும்பாலும் எஞ்சின் ஆயில். கந்தக வாடை அடித்தால் கியர் ஆயில். வண்டியின் இடது பக்கம் பிரைமரி கவரின் அடியில் ஓரமாக ஈரம் என்றால் செயின் கேஸ்.

இன்னொரு விஷயம். பல வாரம் ஓடாமல் நின்ற வண்டியில் டேங்க் ஆயில் பம்ப் வழியாக மெல்ல இறங்கிக் கிராங்க்கேஸுக்குள் போய்விடும். குச்சியில் அளவு குறைவாகத் தெரியும். அதை நம்பி மேலும் ஊற்றினால் ஸ்டார்ட் செய்தவுடன் பிரீதர் வழியாகக் கொட்டும். அது கசிவே இல்லை, நாம் ஊற்றிய ஆயில்! எஞ்சினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, நிறுத்திய பிறகே அளவு பார்க்க வேண்டும்.

இடத்துக்கேற்ற வைத்தியம்

முதலில் பிரீதரைப் பாருங்கள். குழாயைக் கழற்றி ஊதிப் பார்க்க வேண்டும். ரப்பர் வால்வு விரலுக்கு மெத்தென்று இருக்க வேண்டும். இல்லையென்றால் மாற்றிவிட்டு, மற்ற எதையும் தொடாமல் மறுபடி பவுடர் பரிசோதனை செய்யுங்கள். பாதிப் பிரச்சினை இங்கேயே தீர்ந்துவிடலாம்.

டாப்பெட் கவர். பேரலின் அடியில் வலது பக்கம் இருக்கும் சின்ன மூடி. நடுவில் ஒரே நட்டு. கசிகிறதே என்று அந்த நட்டை இன்னும் இறுக்கினால் மூடி நடுவில் குழிந்து ஓரம் தூக்கிக்கொள்ளும், கசிவு கூடும். இறுக்குவதால் கெடுகிற இடம் இது. கழற்றி, தடித்த கண்ணாடி மேல் உப்புத்தாள் விரித்து, எட்டு வடிவத்தில் தேய்த்துச் சமமாக்க வேண்டும்.

ராக்கர் கவர்களும் ராக்கர் ஆயில் குழாய்களும். கவரின் முகத்தைக் கண்ணாடி மேல் வைத்து, இடையில் 0.05 மி.மீ. பீலர் கேஜ் நுழைகிறதா என்று பார்க்க வேண்டும். நுழைந்தால் மேலே சொன்னபடி தேய்க்க வேண்டும். குழாய் போல்ட்டுகளில் செம்பு வாஷர் இருந்தால் புதிது தேட வேண்டியதில்லை. செம்பு அழுந்த அழுந்தக் கடினமாகும். அதைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் மறுபடி மெதுவாகிவிடும். மெட்டலர்ஜி வகுப்பில் படித்த அனீலிங் இதுதான். எஃகைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டால் கடினமாகும், செம்பு மெதுவாகும் என்பதைப் பரீட்சைக்கு எழுதினோமே, அதை இங்கே கையால் தொட்டுப் பார்க்கலாம்.

டைமிங் கவர். வலது பக்கத்துப் பெரிய மூடி. ஆயில் பம்புகளும் பில்ட்டரும் இதில்தான். பேக்கிங்கில் ஆயில் போகும் துளைகள் சரியான இடத்தில் இருக்க வேண்டும். ஒரு துளை அடைபட்டாலும் கிராங்குக்கு ஆயில் போகாது. பேக்கிங் பேப்பரைக் கவர் மேல் வைத்துச் சுத்தியலால் தட்டி அச்செடுக்கும் பழக்கம் உண்டு. அலுமினிய ஓரம் அதில் மழுங்கிவிடும். பென்சிலால் வரைந்து கத்தரிப்பதே நல்லது. பூட்டியதும் எஞ்சினை ஓடவிட்டு, ராக்கர் குழாய் போல்ட்டைக் கொஞ்சம் தளர்த்தி, ஆயில் மேலே வருகிறதா என்று கட்டாயம் பார்க்க வேண்டும்.

பிரைமரி செயின் கவர். இடது பக்கத்து நீள மூடி. இதற்கும் நடுவில் ஒரே நட்டு, சுற்றிலும் ரப்பர் வளையம். கவர் அடிபட்டு நெளிந்திருந்தால் புது ரப்பர் போட்டும் பயனில்லை; நெளிவை எடுக்க வேண்டும். லெவல் திருகுக்கு மேல் ஆயில் ஊற்றவும் கூடாது.

டிரெயின் போல்ட். அலுமினியத்தில் எஃகு போல்ட். முரட்டுத்தனமாக முடுக்கினால் மரை போய்விடும். மரை போன இடத்தில் நூல் சுற்றுவதும் பேஸ்ட் அப்புவதும் வைத்தியமல்ல. மரையைப் பெரிதாக்கி ஹெலிகாயில் என்ற கம்பிச்சுருள் மரையைப் பொருத்தினால் பழையதைவிட உறுதியாக நிற்கும்.

சிலிக்கான் பேஸ்ட்டைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். வெளியே பிதுங்கி நிற்கிற அளவுக்கு உள்ளேயும் பிதுங்கியிருக்கும். உள்ளே பிதுங்கியது ஒருநாள் உதிர்ந்து ஆயில் வழியை அடைக்கும். போட்டே ஆகவேண்டும் என்றால் மெல்லிய பூச்சு போதும். ஸ்க்ரூக்களைக் குறுக்கும் நெடுக்குமாக, கொஞ்சம் கொஞ்சமாக, எல்லாவற்றையும் ஒரே அளவில் முடுக்க வேண்டும்.

பட்டறையில் நான் கண்டது

எங்கள் ஊரில் பந்தல் போடுகிற அண்ணன் ஒருவர் 1986-ம் வருஷத்து புல்லட் வைத்திருக்கிறார். அவர் அப்பா ஓட்டிய வண்டி. டைமிங் கவரில் கசிவு. வெளியூரில் ஒரு பட்டறையில் மூன்று தடவை பேக்கிங் மாற்றினார்கள், மூன்று தடவையும் கூலி வாங்கினார்கள். கசிந்த ஆயில் அடிப்பக்கமாக ஓடிப் பின் டயரில் பட்டு, ஒருநாள் வளைவில் வண்டி சறுக்கிவிட்டது. பின்னால் உட்கார்ந்திருந்த அண்ணிக்குக் கை முறிந்தது. "பழைய இரும்புக்குப் போட்டுடறேன்" என்று சொல்லிக்கொண்டுதான் சித்தப்பாவிடம் வந்தார்.

சித்தப்பா கவரைத் தொடவே இல்லை. எஞ்சினை ஓடவிட்டு பிரீதர் குழாயின் முனையில் விரலை வைத்தார். காற்றே வரவில்லை. யாரோ நீளமான குழாயை மாட்டியிருக்கிறார்கள். அது சேஸிஸுக்கு அடியில் மடிந்து, உள்ளே ஆயில் பிசின் மாதிரி உறைந்து கிடந்தது. ரப்பர் வால்வு கல்லாக இருந்தது. குழாயும் வால்வும் மாற்றினோம். அதற்குப் பிறகுதான் கவரைக் கழற்றி, முகத்தைத் தேய்த்து, புது பேக்கிங் போட்டோம். ஒரு மாசம் கழித்து அண்ணன் வந்தார். எஞ்சின் அடியில் கையால் தடவினேன், விரலில் ஈரமில்லை. அண்ணி பின்னால் உட்கார்ந்திருந்தார்.

"விரலை வச்சதும் எப்படித் தெரிஞ்சது சித்தப்பா?" என்று கேட்டேன். "எல்லாம் கைப்பழக்கம்தான்டா" என்றார். விநாடிக்கு 50 தடவை, ஒவ்வொரு தடவையும் 346 சி.சி. என்று ஸ்பேர் பார்ட்ஸ் அட்டையின் பின்னால் கணக்கு எழுதிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார். "அப்ப இத்தனை வருஷமா என் கை சொன்னது சரிதான்" என்றார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் பார்த்ததில்லை.

நண்பர்களுக்கு

ஆயில் கசிவு அழுக்கு மட்டுமல்ல. டயரில் பட்டால் ஆள் விழுவான். டேங்கில் குறைந்தால் கனெக்டிங் ராடின் பெரிய முனை புஷ் காய்ந்து எஞ்சின் பிடித்துக்கொள்ளும். மண்ணில் இறங்கினால் கிணறு கெடும். கழற்றிய பழைய ஆயிலையும் சாக்கடையில் ஊற்றாமல் டின்னில் சேர்த்து, பழைய ஆயில் எடுப்பவரிடம் கொடுங்கள்.

படித்தவன் கையில் அழுக்கு படக் கூடாது என்று என் அம்மா நினைக்கிறது. பாவம், அழுக்கிலேயே உழைத்த குடும்பம், அதனால் அந்த ஆசை. ஆனால் நான் படிப்பது கையை வெள்ளையாக வைத்துக்கொள்ள அல்ல. கை செய்வதற்குக் காரணம் தெரிந்துகொள்ளத்தான். நம் ஊர்ப் பட்டறைகளில் கைக்குத் தெரிந்தது நிறைய. அதற்கான காரணம் இங்கிலீஷ் புத்தகத்தில் கிடக்கிறது. இரண்டும் தெரிந்தவர்கள் நாம்தான். நீங்கள் கற்ற தொழிலில் ஒரே ஒரு பக்கமாவது தமிழில் எழுதி, உங்கள் ஊர்ப் பட்டறைக்குக் கொடுங்கள். நம் படிப்பால் வேறு யாருக்குப் பயனோ இல்லையோ, மூன்று தடவை கூலி கொடுக்கிற ஒருவருக்காவது பயன்படட்டும்.

இந்த மலர் வந்ததும் இந்தப் பக்கங்களைச் சித்தப்பா பட்டறைச் சுவரில் ஒட்டலாம் என்றிருக்கிறேன். எழுத்துக் கூட்டித்தான் படிப்பார். படித்துவிட்டு ஏதாவது விட்டுப்போயிருந்தால் சொல்லுவார். அதை அடுத்த மலரில் எழுதுகிறேன்.