வட்டு மாறினால் படம் மாறுமா?

வீட்டில் அடுக்கிவைத்துள்ள பழைய திரைப்பட வட்டுகளுக்கு மாற்றாகப் புதிய வகை வட்டுகளை வாங்கலாமா என்னும் வினா பல இல்லங்களில் எழுகின்றது. விடை காணுமுன் வட்டின் இயல்பை அறிதல் நன்று.

திரைப்பட வட்டில் நுண்ணிய குழிகள் சுருள் வடிவில் அமைந்துள்ளன. லேசர் ஒளி அவற்றைப் படிக்கின்றது. 1996ஆம் ஆண்டு ஜப்பானில் விற்பனைக்கு வந்த டிவிடி, சிவப்பு லேசரால் படிக்கப்படுவது. 2006ஆம் ஆண்டு வெளிவந்த புளூ-ரே, நீலஊதா லேசரால் படிக்கப்படுவது. நீலஊதா ஒளியின் அலைநீளம் குறைவு; ஆதலால் அது மேலும் சிறிய குழிகளைப் படிக்க வல்லது. குழிகள் சிறுத்தால் அதே அளவு வட்டில் மிகுதியான தரவு அடங்கும். ஓரடுக்கு டிவிடி 4.7 ஜிகாபைட்டும், ஓரடுக்கு புளூ-ரே 25 ஜிகாபைட்டும் கொள்ளும். டிவிடியின் படத்தில் 480 அல்லது 576 கிடைவரிகள் உண்டு. புளூ-ரேயில் 1080 வரிகள் உண்டு.

எண்கள் பெருகினால் பயனும் பெருகுமா? பழைய திரைப்படங்கள் பெரும்பாலும் 35 மில்லிமீட்டர் படச்சுருளில் எடுக்கப்பட்டவை. அச்சுருளில் டிவிடி காட்டுவதைவிட நுட்பமான விவரங்கள் பதிந்துள்ளன. அதனைத் தூய்மை செய்து புதிதாகப் பதிவுசெய்து வெளியிட்டால், ஆடையின் இழையும் முகத்தின் சுருக்கமும் தெளிவாகப் புலப்படும். பெரிய திரை உள்ள இல்லத்திற்கு இம்மாற்றம் தகும். சிறிய திரையில் வேறுபாடு எளிதில் தோன்றாது. புளூ-ரே கருவிகள் பெரும்பாலும் டிவிடியையும் இயக்குவதால், பழைய வட்டுகளை எறிய வேண்டுவதில்லை.

வீட்டு நிகழ்ச்சிப் பதிவுகளின் நிலை வேறு. பெற்றோரின் திருமணம் வி.எச்.எஸ். நாடாவில் பதிவாகியிருப்பின், அதனைப் புளூ-ரேயில் ஏற்றினாலும் தெளிவு கூடாது. ஒளிப்பதிவுக் கருவி அன்று பதியாததை வட்டு இன்று காட்ட இயலாது. ஆயினும் அந்நாடாவைப் படியெடுத்தல் இன்றியமையாதது. அதன் காந்தப்பூச்சு நாளடைவில் நலியும். நாடாவை இயக்கும் கருவியை இறுதிவரை செய்துவந்த ஜப்பானிய நிறுவனமும் 2016ஆம் ஆண்டு அத்தொழிலை நிறுத்திவிட்டது. அந்நாடாவில் மறைந்த பாட்டியின் குரல் இருக்கலாம். ஊருக்கு வெகுதொலைவில் பிறந்த பேரக்குழந்தை அவர் பேசக் கேட்பது அதன்வழி மட்டுமே.

ஆகவே, திரைப்பட வட்டை மாற்றுவது அவரவர் விருப்பம். வீட்டு நாடாவைப் படியெடுப்பது கடமை.

அருஞ்சொற்பொருள்
தகும் – பொருந்தும்
நலியும் – கெடும்
படியெடுத்தல் – நகல் எடுத்தல்

பிரித்து எழுதுக
அச்சுருள், இம்மாற்றம், அந்நாடா

வினாக்கள்
1. புளூ-ரே வட்டில் மிகுதியான தரவு அடங்குவது எதனால்?
2. பழைய திரைப்படம் புதிய வட்டில் தெளிவாகத் தோன்றுவது எப்போது?
3. தெளிவு கூடாதெனினும் வீட்டு நாடாவைப் படியெடுக்க வேண்டுவது ஏன்?

செயல்பாடு
உங்கள் வீட்டில் உள்ள பழைய பதிவு ஒன்றைப் பற்றிப் பெற்றோரிடம் கேட்டறிந்து, ஐந்து தொடர்களில் எழுதுக.